ஃபேன் பெல்ட் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், ஏசி போன்றவற்றை இன்ஜினின் சுழற்சியால் ஓட்டும் ரப்பர் பெல்ட்டைத்தான் ஃபேன் பெல்ட் என்கிறோம். பழைய பெல்ட்டைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு போய், "அண்ணே, இதே மாதிரி ஒண்ணு குடுங்க" என்று கேட்பதுதான் நம் ஊரில் வழக்கம். கடைக்காரர் இரண்டு பெல்ட்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்து எடுத்துக் கொடுப்பார். தவறு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. பெல்ட் எல்லாமே கறுப்பு, எல்லாமே வட்டம். 10 மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, இன்ஜினுக்குத் தெரியும்.

பெல்ட்டின் முதுகில் 4 பிகே 855 என்பதுபோல ஒரு எண் இருக்கும். முதல் எண் உள்பக்கம் நீளவாக்கில் ஓடும் வரிகளின் எண்ணிக்கை. பிகே என்பது வரியின் வகை. இந்த வகையில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைவெளி 3.56 மில்லிமீட்டர். கடைசி எண் மில்லிமீட்டரில் நீளம். பழைய பெல்ட்டில் எழுத்து அழிந்துபோயிருந்தால் நூல் வைத்து அளந்து வாங்குபவர்கள் உண்டு. அது சரிவராது. அச்சிட்டிருக்கும் நீளம் பெல்ட்டின் வெளிச்சுற்றளவு அல்ல. தேய்ந்த பெல்ட்டோ, அது சுற்றி ஓடும் சக்கரமான புல்லியின் பள்ளத்தில் இன்னும் ஆழமாக இறங்கி உட்காரும். அதோடு, முன்பு யாராவது தவறான அளவைப் போட்டிருந்தால் அதே தவறைத்தான் நாமும் திரும்ப வாங்குவோம். வண்டியின் மாடல், வருடம், பெட்ரோலா டீசலா என்பதையும், முடிந்தால் சேஸிஸ் நம்பரையும் சொல்லி பார்ட் நம்பரைக் கேட்டு வாங்குங்கள். ஏசி உள்ள வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும், ஆயில் பவர் ஸ்டியரிங்குக்கும் எலக்ட்ரிக் ஸ்டியரிங்குக்கும் ஒரே மாடலில்கூட பெல்ட் மாறும்.

சில வண்டிகளில், பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரே கிடையாது. தானே இழுத்துப் பிடித்துக்கொள்ளும் எலாஸ்டிக் பெல்ட் போட்டிருப்பார்கள். அந்த இடத்தில் சாதாரண பெல்ட்டைப் போட்டால் கொஞ்ச நாளில் தளர்ந்து வழுக்கும்.

கடையில் பார்க்க வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. ஆணியில் வருடக்கணக்காகத் தொங்கிய பெல்ட்டையும், வெயில் படும் கண்ணாடிப் பெட்டியில் கிடந்ததையும் வாங்காதீர்கள். உறையோடு கேளுங்கள். அச்சு மங்கலாகவோ எண்ணும் உறையும் பொருந்தாமலோ இருந்தால் வேண்டாம். பில் வாங்குங்கள். போலி பெல்ட்டில் மிச்சமாகும் காசு ஒரு டோவிங் வண்டிக்கே காணாது.

இனி, மாற்ற வேண்டுமா என்று பார்ப்பதில் நடக்கும் தவறு. "வெடிப்பு இல்லை, இன்னும் ஓடும்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய நியோப்ரீன் ரப்பர் பெல்ட்டுக்கு அந்தக் கணக்கு சரி. அது வெடித்துக் காட்டும். இப்போது வருபவை பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர். இது எளிதில் வெடிக்காது. டயர் தேய்வதுபோல வரி வரியாகத் தேயும். வரிகளுக்கு நடுவிலுள்ள பள்ளம் அகன்று, புல்லியைப் பக்கவாட்டில் கவ்வ முடியாமல் போகும். பார்வைக்குப் புதிதுபோல இருக்கும், மழையில் வழுக்கும். புதிய பெல்ட்டின் வரிகளைப் பழையதன் பள்ளத்தில் பொருத்திப் பாருங்கள். லூசாக ஆடினால் பழையது முடிந்தது.

குமரி மாவட்டத்துக்காரர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது புல்லியை. குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடலோரத்தில் வீடு. வண்டியின் சொந்தக்காரருக்கு வளைகுடாவில் வேலை. கார் மாதக்கணக்கில் போர்ச்சில் நிற்கும். உப்புக்காற்றில் புல்லியின் பள்ளங்கள் துருப்பிடித்து, லீவுக்கு வந்து ஸ்டார்ட் செய்ததும் பெல்ட்டை அரைக்கத் தொடங்கும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் தினமும் ஓடும் வண்டிகளில் காற்று அள்ளிவரும் மணல் அதே வேலையைச் செய்கிறது. புல்லியைத் துடைக்காமல், துருவைச் சுத்தம் செய்யாமல் புது பெல்ட் போடுவது வீண் செலவு. பெல்ட்டைக் கழற்றியதும் ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பாருங்கள். பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லர் புல்லியோ டென்ஷனரோ கரகரத்தால், ஆடினால், அதையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. பேரிங் இறுகி நின்றால் புது பெல்ட்டும் கருகி அறுந்துவிடும்.

ஆயில் கசிவையும் விடக்கூடாது. ஈபிடிஎம் வெப்பத்தைத் தாங்கும், ஆயிலைத் தாங்காது, ஊறி உப்பிவிடும். கசிவை அடைத்துவிட்டுத்தான் புது பெல்ட்.

நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. அதனால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் "கீச்" என்று கேட்பது இங்கே சாதாரணமாகிவிட்டது. சத்தம் வந்ததும் சோப்பு தேய்ப்பதும் ஸ்பிரே அடிப்பதும் மிகத் தவறு. சத்தம் அடங்கும், காரணம் அப்படியே இருக்கும். அதற்குப் பதில், இன்ஜின் ஐடிலில் ஓடும்போது கையும் துணியும் படாமல் தள்ளி நின்று, பெல்ட்டின் வரிப்பக்கத்தில் கொஞ்சம் வெறும் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் கூடினால் பெல்ட்டின் இழுவிசை போதவில்லை. சற்று அடங்கித் திரும்ப வந்தால் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை.

போடும்போது: கழற்றுவதற்கு முன்பே பெல்ட் போகும் வழியை போனில் படம் எடுங்கள். வழி மாறினால் வாட்டர் பம்ப் எதிர்த்திசையில் சுற்றக்கூடும். சாவியை எடுத்துவிடுங்கள், சூடான வண்டியில் எலக்ட்ரிக் ஃபேன் தானாக ஓடும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஏற்றாதீர்கள், உள்ளே இருக்கும் நூல் அறுந்துவிடும். எல்லா வரியும் பள்ளத்தில் உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரு வரி வெளியே நின்றால்கூட பெல்ட் சீக்கிரம் பிய்ந்துவிடும். போல்ட்டைத் திருகிப் பெல்ட்டை இறுக்கும் வண்டிகளில் "இறுக்கமா இருந்தா நல்லது" என்று முறுக்கினால் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் பேரிங் போகும். எவ்வளவு அமுங்க வேண்டும் என்பது மேனுவலில் உண்டு. புது பெல்ட் கொஞ்சம் தளரும் என்பதால், சில நாள் ஓடிய பிறகு மறுபடி பார்க்க வேண்டும்.

இன்ஜின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட் வேறு. அது மூடிக்குள் இருக்கும், அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வே வளைந்துவிடும். ஃபேன் பெல்ட் மாற்றியதால் அதுவும் மாற்றியாயிற்று என்று நினைத்துவிடாதீர்கள்.

ஓடும்போது பெல்ட் அறுந்தால் பேட்டரி விளக்கு எரியும். ஆயில் பவர் ஸ்டியரிங் என்றால் கனக்கும். வாட்டர் பம்ப்பும் இதே பெல்ட்டில் ஓடும் வண்டியானால், "தக்கலை வரைக்கும் போயிடலாம்" என்று ஓட்டக்கூடாது. உடனே ஓரமாக நிறுத்த வேண்டும். சில நிமிடத்தில் சூடேறி, இன்ஜின் ஹெட்டுக்கு அடியிலுள்ள அடைப்பான ஹெட் கேஸ்கெட் போய்விடும். கழற்றிய பெல்ட் ஓரளவு நல்ல நிலையில் இருந்தால் மடிக்காமல் வட்டமாகச் சுருட்டி, தேவையான ஸ்பானரோடு டிக்கியில் வையுங்கள். குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் ராத்திரியில் ஸ்பேர் கடை கிடைக்காது. எலாஸ்டிக் வகைக்கு மட்டும் இது ஆகாது. கழற்றிய எலாஸ்டிக் பெல்ட்டைத் திரும்பப் போடக்கூடாது.