புது சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்க்கும் முன்: வெளியே வரும் வழியைத் தயார் செய்வது எப்படி?

வீட்டில் ஒரே ஒரு லேப்டாப். பிள்ளையின் புராஜெக்ட், வருமான வரிக் கணக்கு, பத்து வருஷத்துப் போட்டோ எல்லாம் அதில்தான். புதிதாக வந்த வீடியோ எடிட்டரையும் அதில்தான் போட்டுப் பார்க்க வேண்டும். சென்னையில் பல வீடுகளில் இதுதான் நிலைமை. புதியதைத் தாராளமாக முயன்று பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஆனால் உள்ளே நுழையும் முன்பே வெளியே வரும் வழியைத் தயார் செய்துகொள்ள வேண்டும். கீழே உள்ளதெல்லாம் அந்த வழிக்கான வேலைகள்.

பேக்கப்

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒரு பிரதி வீட்டுக்கு வெளியே. பேக்கப்புக்கு இந்தக் கணக்கு போதும். 'வெளியே' என்பதைச் சென்னையில் யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்ததைப் பார்த்த ஊர் இது. மேசை மேல் லேப்டாப், அதே மேசை டிராயரில் பேக்கப் ஹார்டு டிஸ்க் என்று வைத்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். மாடியில் குடியிருக்கும் சொந்தக்காரர் வீட்டில் ஒரு டிஸ்க்கைக் கொடுத்து வையுங்கள், அல்லது கிளவுடில் ஒரு பிரதி ஏற்றிவிடுங்கள்.

விண்டோஸில் இன்னொரு வேலை, ரீஸ்டோர் பாயின்ட். ஸ்டார்ட் மெனுவில் 'கிரியேட் எ ரீஸ்டோர் பாயின்ட்' என்று தேடித் திறந்தால் சி டிரைவுக்கு எதிரே 'புரொடெக்ஷன்' ஆனா ஆஃபா என்று காட்டும். ஆஃப் என்றிருந்தால் 'கான்ஃபிகர்' போய் ஆன் செய்துவிட்டு, 'கிரியேட்' அழுத்தி, இன்றைய தேதியைப் பெயராகக் கொடுங்கள். சிஸ்டம் கோப்புகள், டிரைவர்கள், ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் அமைப்புகளைக் குறித்து வைக்கும் பதிவேடு) ஆகியவற்றை இது பழைய நிலைக்குக் கொண்டுபோகும். அழிந்த போட்டோவைத் திருப்பித் தராது. அதனால் பேக்கப்பின் இடத்தில் இதை வைக்காதீர்கள்.

கோப்பு அசல்தானா

தேடுபொறியில் சாஃப்ட்வேரின் பெயரைத் தட்டினால் மேலே வரும் முதல் இணைப்பு விளம்பரமாக இருக்கலாம். அதிலேயே போலித் தளங்கள் நுழைகின்றன. தயாரிப்பாளரின் முகவரியை நேரடியாகத் தட்டுங்கள், அல்லது மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து எடுங்கள். டவுன்லோடு பக்கத்தில் எஸ்ஹெச்ஏ-256 என்று, கோப்பின் கைரேகை போல நீளமான ஓர் எண்-எழுத்துக் கோவை கொடுத்திருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். செவன்-ஜிப் என்ற இலவசக் கருவி போட்டிருந்தால் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்ததும் அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கோப்பு பாதியில் கெட்டிருக்கிறது, அல்லது யாரோ கை வைத்திருக்கிறார்கள். அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.

சந்தேகம் இருந்தால் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றலாம். எழுபது சொச்சம் ஆன்டிவைரஸ்களின் தீர்ப்பை ஒரே பக்கத்தில் காட்டும். ஒன்றிரண்டு மட்டும் சிவப்பு காட்டினால் தவறான அலாரமாக இருக்க வாய்ப்புண்டு, அதிலும் புதிய சிறு சாஃப்ட்வேர்களுக்கு. ஏழெட்டு காட்டினால் யோசிக்காமல் நீக்குங்கள். அங்கே ஏற்றும் கோப்புகளைப் பாதுகாப்பு ஆய்வாளர்களும் எடுத்துப் பார்க்க முடியும் என்பதால் பான் கார்டு, வங்கி ஸ்டேட்மென்ட் போன்றவற்றை ஏற்றவே கூடாது. 'ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் பண்ணவும்' என்று கேட்கும் கிராக் (பூட்டை உடைத்த திருட்டு) பதிப்புகளைச் சோதித்துப் பார்க்கக்கூட வேண்டாம்.

சாண்ட்பாக்ஸ்

விண்டோஸ் புரோ பதிப்பு இருந்தால் விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் கூடவே வருகிறது. ஹோம் பதிப்பில் கிடையாது. 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' பட்டியலில் டிக் செய்து ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸுக்குள் புத்தம் புது விண்டோஸ் ஒன்று திறக்கும். கோப்பை அதற்குள் காப்பி செய்து, இன்ஸ்டால் செய்து, ஆட்டிப் பாருங்கள். ஜன்னலை மூடியதும் எல்லாம் அழியும். டிக் செய்யும் இடம் மங்கலாக இருந்தால் டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் 'வர்ச்சுவலைசேஷன்' எனேபிள்டா என்று பாருங்கள். இல்லையென்றால் பயாஸில் (விண்டோஸ் எழும் முன் வரும் அடிப்படை அமைப்புத் திரை) ஆன் செய்ய வேண்டும். குறைந்தபட்சம் 4 ஜிபி ரேம் கேட்கும், 8 இருந்தால்தான் நிம்மதியாக ஓடும்.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று. வெளியே நீங்கள் காப்பி செய்தது சாண்ட்பாக்ஸின் கிளிப்போர்டிலும் தெரியும், இன்டர்நெட்டும் திறந்தே இருக்கும். அது ஓடும்போது வெளியே பாஸ்வேர்டு எதையும் காப்பி செய்யாதீர்கள்.

ஹோம் பதிப்பு வைத்திருப்பவர்கள் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரைப் போல ஓட்டும், இலவசமான வர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, சோதனைக்கு முன் ஒரு 'ஸ்னாப்ஷாட்' எடுத்துக்கொள்ளலாம். கெட்டுப்போனால் அந்த நிலைக்கே திரும்பலாம்.

பென் டிரைவில் லினக்ஸ்

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய லேப்டாப்கள் நடுவழியில் நிற்கின்றன. அவற்றைக் காயலான் கடைக்குப் போடும் முன், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸை ஒருமுறை பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்ப்பது நல்லது. ஹார்டு டிஸ்க்கில் எதையும் தொடாமலே முடியும்.

முதலில் பென் டிரைவ். லினக்ஸில் பல வகை உண்டு. லினக்ஸ் மின்ட்டின் ஐஎஸ்ஓ கோப்பு (முழு இயங்குதளமும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) ஏறக்குறைய 3 ஜிபி, உபுண்டு 24.04 ஏறக்குறைய 6 ஜிபி. 16 ஜிபி டிரைவ் போதும். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினால் பில் போட்டு வாங்குங்கள். சில நூறு ரூபாய்க்கு 2 டிபி என்று யார் விற்றாலும் அது போலி. உள்ளே சின்ன சிப்பை வைத்து, பெரிய அளவு இருப்பதாகக் காட்டும்படி மாற்றியிருப்பார்கள். நிரம்பியதும் பழைய கோப்புகளின் மேலேயே எழுதும், கோப்பைத் திறக்கும்போதுதான் தெரியவரும். வாங்கிய அன்றே ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன இலவசக் கருவியை ஓட்டுங்கள். டிரைவ் முழுக்க எழுதி, திரும்பப் படித்து, உண்மையான அளவைச் சொல்லும். எழுதும் வேகம் நொடிக்கு 10 எம்பி என்றால் 32 ஜிபி டிரைவில் எழுத மட்டும் ஒரு மணி நேரத்துக்குப் பக்கம் ஆகும். காத்திருங்கள்.

அடுத்தது ரூஃபஸ், ஐஎஸ்ஓவைப் பென் டிரைவில் எழுதும் இலவசக் கருவி. திறந்து, டிரைவைத் தேர்ந்து, ஐஎஸ்ஓவைக் கொடுத்து ஸ்டார்ட் அழுத்தினால் முடிந்தது. டிரைவில் முன்பு இருந்த எல்லாம் அழியும், எனவே பேக்கப் ஹார்டு டிஸ்க் அப்போது செருகியிருக்கக் கூடாது. பல லினக்ஸ்களைப் பார்க்க நினைத்தால் வென்டாய் என்ற கருவி வசதி. ஒருமுறை டிரைவில் நிறுவிவிட்டால் பிறகு ஐஎஸ்ஓ கோப்புகளை வெறுமனே காப்பி செய்தால் போதும்.

இனிதான் முக்கியமான இடம். புது லேப்டாப்களில் டிஸ்க் என்க்ரிப்ஷன் (டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் வசதி, விண்டோஸில் இதன் பெயர் பிட்லாக்கர்) உங்களைக் கேட்காமலே ஆன் ஆகியிருக்கலாம். பயாஸில் எதையாவது மாற்றிவிட்டு விண்டோஸுக்குத் திரும்பினால் நீலத் திரையில் 48 இலக்க பிட்லாக்கர் ரெக்கவரி கீயைக் கேட்கலாம். அது இல்லையென்றால் டிஸ்க்கில் உள்ளதை எடுக்க எந்த சர்வீஸ் கடையாலும் முடியாது. எனவே லினக்ஸைத் தொடும் முன்பே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் அந்தக் கீயை எடுத்து, ஒரு காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள்.

பிறகு ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள், அப்போதுதான் முழுசாக அணையும். மறுபடி ஆன் செய்யும்போது பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். ஹெச்பியில் எஃப்9, டெல்லிலும் லெனோவாவிலும் எஃப்12, ஆசஸ் லேப்டாப்பில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12-தான், ஆனால் பயாஸில் அதை முதலில் அனுமதிக்க வேண்டியிருக்கும். பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தால் ஓரிரு நிமிடத்தில் டெஸ்க்டாப் வரும். மெதுவாக இருந்தால் பழைய யுஎஸ்பி 2.0 துளையில் செருகியிருப்பீர்கள். பொதுவாக நீல நிறத்தில் இருக்கும் 3.0 துளைக்கு மாற்றுங்கள்.

அங்கே வால்பேப்பரை ரசிப்பதோடு நிறுத்தாதீர்கள். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கேமரா தெரிகிறதா, பிரைட்னஸ் விசை வேலை செய்கிறதா, மூடியை மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா, வீட்டுப் பிரின்டர் ஒரு பக்கமாவது அடிக்கிறதா? இந்த ஆறும் சரியென்றால் அந்த லேப்டாப்புக்கு லினக்ஸ் பொருந்தும். நிறுத்தியதும் செய்த மாற்றங்கள் எல்லாம் மறைந்துவிடும், இந்த முறையில் அப்படித்தான். அடுத்த முறையும் இருக்க வேண்டுமென்றால் ரூஃபஸில் 'பெர்சிஸ்டன்ட்' அளவை நகர்த்தி 4 ஜிபி ஒதுக்குங்கள்.

பிடித்துப்போய் நிறுவ முடிவு செய்தால் சார்ஜரைச் செருகிவிட்டுச் செய்யுங்கள். யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில், மழைக்காலத்துச் சாயங்காலத்தில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். பாதியில் கரண்ட் போனால் பழையதும் இருக்காது, புதியதும் இருக்காது.

தமிழ் ஒழுங்காக வருகிறதா

எந்த சாஃப்ட்வேரைச் சோதித்தாலும் தமிழ்ச் சோதனை ஒன்று அவசியம். ஒரு பத்தி தட்டுங்கள். அதில் கொ, கோ, கௌ, ஔ, க்ஷ, ஸ்ரீ, ஞு, டூ எல்லாம் இருக்கட்டும். கொம்பும் காலும் எழுத்திலிருந்து பிரிந்து நின்றால், புள்ளி பக்கத்து எழுத்தின் மேல் விழுந்தால், அந்த சாஃப்ட்வேர் எழுத்துகளைக் கோக்கத் தெரியாதது. சில வீடியோ எடிட்டர்களிலும் போஸ்டர் கருவிகளிலும் இந்தக் கோளாறு வரும். ஃபான்ட்டை மாற்றினால் சில சமயம் சரியாகும், சாஃப்ட்வேரிலேயே குறை என்றால் எந்த ஃபான்ட்டும் உதவாது.

அடுத்து, அதே பத்தியை பிடிஎஃப் ஆக்கி, அதிலிருந்து காப்பி செய்து வேறிடத்தில் ஒட்டுங்கள். கண்ணுக்கு அழகாகத் தெரிந்த பத்தி ஒட்டியதும் சிதறினால் அந்த பிடிஎஃப்பில் எதையும் தேட முடியாது. தேடல் வேறு காரணத்தாலும் தவறும். 'ஸ்ரீ'யை ஸ வைத்தும் எழுதலாம், ஶ வைத்தும் எழுதலாம். பார்க்க ஒன்றுபோல் இருக்கும், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. 'கௌ' என்பதற்குப் பதில் கெ, ள என்று இரண்டெழுத்தாகத் தட்டியிருந்தாலும் இதே கதைதான். முகவரிப் பட்டியலில் 'ஸ்ரீநிவாசன்' கிடைக்கவில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

தட்டச்சுக்கு தமிழ் 99 பழகியவர்களுக்கு ஒரு குறிப்பு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டின் வழியே வந்த விசைப்பலகை இது. க-வை இருமுறை தட்டினால் தானாகப் புள்ளி வைத்து 'க்க' தரும். விண்டோஸ் 11-இல் உள்ளேயே இருக்கிறது. லினக்ஸில் வெறும் கீபோர்டு லேஅவுட் பட்டியலிலிருந்து தமிழைத் தேர்ந்தால் அந்தத் தானியங்கிப் புள்ளி வராது, ஏனென்றால் அங்கே ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற கணக்குதான். ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியைப் போட்டு, அதற்கான எம்17என் விசைப்பலகைத் தொகுப்பில் உள்ள தமிழ் 99-ஐச் சேருங்கள்.

ஏஐ கருவிகளும் டிரெண்டுகளும்

புது ஏஐ சாட் ஒன்று வந்தால் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தை அதனிடம் கேட்டுப் பாருங்கள். தெரியாததைக் கேட்டால் அது சொல்வதெல்லாம் சரியாகவே தோன்றும். 'சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு அரசு பஸ் எங்கே ஏறணும்?' என்பது நல்ல கேள்வி. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்டு, தென் மாவட்ட அரசு பஸ்கள் அங்கே மாறின. கோயம்பேடு என்று பதில் வந்தால் அதன் தகவல் பழையது என்று புரியும். அந்தக் கருவியிடம் நேற்றைய விலையையும் இன்றைய விதியையும் கேட்டுப் பயனில்லை.

போட்டோ டிரெண்டுகளில் 2025 செப்டம்பரில் பரவிய ஏஐ புடவைப் படங்கள் நினைவிருக்கும். அப்படி ஒன்று வரும்போது அதே பெயரில் போலி ஆப்களும் கூடவே வரும். அசல் நிறுவனத்தின் ஆப்பில் மட்டும் செய்யுங்கள். குழந்தைகளின் படம் வேண்டாம், பள்ளி ஐடி கார்டு தெரியும் படம் கண்டிப்பாக வேண்டாம். கேமரா அமைப்பில் 'லொகேஷன்' ஆனில் இருந்தால் படத்துக்குள்ளேயே வீட்டு இடம் பதிவாகியிருக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை ஏற்றுவது எளிய வழி.

'கூகுள் மூலம் லாகின்' கொடுத்துப் பார்த்தவற்றை மாதம் ஒருமுறை கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பகுதியில் துண்டித்துவிடுங்கள். சோதனைக்கென்றே தனி ஜிமெயில் இருந்தால் இன்னும் நல்லது.

ஏழு நாள் இலவசம்

இலவச டிரையலுக்கு 1 ரூபாயோ 5 ரூபாயோ யுபிஐயில் கேட்டால் அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். அது பெரும்பாலும் ஆட்டோபேவுக்கான, அதாவது பிறகு தானாகவே பணம் எடுத்துக்கொள்வதற்கான அனுமதி. திரையில் 'அதிகபட்சம்' என்றொரு தொகையும் முடியும் தேதியும் சின்ன எழுத்தில் இருக்கும், பின் நம்பர் போடும் முன் படியுங்கள். ஆப்பை டெலீட் செய்தால் அந்த அனுமதி ரத்தாகாது. உங்கள் யுபிஐ ஆப்பில் 'ஆட்டோபே' பகுதிக்குப் போய், அந்தப் பெயரைத் தேர்ந்து, கேன்சல் கொடுத்து, யுபிஐ பின் நம்பரைப் போட வேண்டும். பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன் முன்னறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த மெசேஜை விளம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள். டிரையல் தொடங்கிய அன்றே, முடிவதற்கு இரண்டு நாள் முன்னதாக போனில் அலாரம் வையுங்கள்.

போனில் ஏபிகே

கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் செலான் என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகளை (ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நிறுவும் கோப்புகள்) தெரிந்தவர் நம்பரிலிருந்து வந்தாலும் திறக்காதீர்கள். அவர் போன் ஏற்கெனவே மாட்டியிருக்கலாம். எந்த ஆப்பாவது 'அக்சஸிபிலிட்டி' (திரையைப் படித்து, தானே இயக்கும்) அனுமதியோ எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியோ கேட்டால் காரணம் கேளுங்கள். போட்டோ எடிட்டருக்கு ஓடிபி எதற்கு?

தெரியாமல் போட்டுவிட்டால் உடனே ஏரோபிளேன் மோடு, வைஃபையும் ஆஃப். பிறகு அன்இன்ஸ்டால். பட்டன் மங்கலாக இருந்தால் செட்டிங்ஸில் 'டிவைஸ் அட்மின்' பட்டியலில் அந்த ஆப்பின் அனுமதியை எடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள், அதற்கும் விடவில்லை என்றால் சேஃப் மோடில் போட்டுச் செய்யுங்கள். இதற்கிடையில் வீட்டில் இன்னொருவர் போனிலிருந்து வங்கிக்குச் சொல்லி கணக்கை முடக்கச் செய்யுங்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் பதியுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன் தடுக்க அவ்வளவு வாய்ப்பு. பரிவர்த்தனை எண், நேரம், தொகை மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.