லிவிங் வில், பவர் பத்திரம், ஒப்புதல் கடிதம்: எதற்கு எது?

"அப்பா எனக்கு பவர் எழுதிக் கொடுத்திருக்காரு, நான் கையெழுத்துப் போடறேன்" என்று ஐசியு வாசலில் சொல்லும் பிள்ளைகள் உண்டு. ஆனால் எழுதிக் கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழந்தால், 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவுப்படி பவரும் முடிந்துவிடும். சொத்து உயிலோ இறந்த பிறகுதான் பேசும். இடைப்பட்ட காலத்துக்கு உரியது லிவிங் வில்: நாமே முடிவெடுக்க முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் ஆவணம். உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று இதை ஏற்றது; 2023 ஜனவரி 24 அன்று நடைமுறையை எளிதாக்கியது.

படி 1: உங்களுக்காக முடிவு சொல்லப்போகிறவர்களைத் தேர்ந்தெடுங்கள். ஒருவருக்கு மேலும் குறிப்பிடலாம். இரண்டு பேராவது இருப்பது நல்லது. பாசத்தை மட்டும் பார்க்காதீர்கள். அழுதுகொண்டேயானாலும் உங்கள் விருப்பத்தை மருத்துவரிடம் சொல்லக்கூடியவர் வேண்டும்.

படி 2: எழுதுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். "என்னைக் கஷ்டப்படுத்த வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் ஆளுக்கொரு அர்த்தம் சொல்வார்கள். தெளிவில்லாத ஆவணத்தை மருத்துவக் குழு செயல்படுத்தாது. இப்படி எழுதலாம்:

"குணமாக வாய்ப்பில்லாத நோய் முற்றி, நானே முடிவெடுக்க முடியாத நிலை வந்தால், எனக்கு வென்டிலேட்டர் பொருத்த வேண்டாம், பொருத்தியிருந்தால் எடுத்துவிடலாம். டயாலிசிஸ் வேண்டாம். வலி தீர்க்கும் மருந்தைக் கடைசிவரை கொடுக்க வேண்டும்."

இதன் விளைவுகள் புரிந்தே எழுதுகிறேன், இதை எப்போது வேண்டுமானாலும் நான் ரத்து செய்யலாம் என்ற இரண்டு வரிகளையும் விடாமல் சேருங்கள்.

படி 3: இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்றொப்பம் பெறுங்கள். மாஜிஸ்திரேட்டிடம் போகவேண்டிய பழைய நிபந்தனை இப்போது இல்லை. சாட்சிகள் குடும்பத்துக்கு வெளியே இருப்பவர்களாக இருக்கட்டும். வீட்டிலேயே கையெழுத்து வாங்கிவிட்டு முத்திரைக்கு மட்டும் நோட்டரியிடம் போகாதீர்கள்; எல்லோரும் ஒன்றாகவே போங்கள்.

படி 4: பெயர் குறிப்பிட்டவர்கள், குடும்ப மருத்துவர், உங்கள் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி, இவர்களுக்கெல்லாம் நகல் கொடுங்கள். பீரோவில் பூட்டிய காகிதம் நள்ளிரவு அட்மிஷனுக்கு உதவாது.

மருத்துவமனையில் இதை உடனே செயல்படுத்திவிட மாட்டார்கள். சிகிச்சை தரும் மருத்துவரும், குறைந்தது 5 ஆண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் கொண்ட முதல் குழு கூடும். அதன் முடிவை இரண்டாவது குழு பரிசீலிக்கும். ஒவ்வொன்றும் 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்வதே விரும்பத்தக்கது என்கிறது தீர்ப்பு. அதனால் ஆவணத்தைத் தாமதிக்காமல் காட்டுங்கள்.

மருத்துவ ரகசியத்தைப் பிறரிடம் பகிரத் தனியாக ஒப்புதல் கடிதம் வேண்டும். லிவிங் வில் நீங்கள் முடிவெடுக்க முடியாத நிலையில்தான் உயிர்பெறும். ரிப்போர்ட்டோ அதற்கு முன்பே தேவைப்படும். யார் வாங்கலாம், எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக்கூடாது என்று தேதியிட்டு எழுதிக் கையெழுத்திடுங்கள். நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தரவேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதி.

மனநல சிகிச்சைக்கு 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் வேறு ஆவணம் உண்டு.

மனம் மாறினால் லிவிங் வில்லை எழுத்தில், அதே நடைமுறையில் ரத்து செய்யுங்கள். இரண்டு ஆவணங்கள் இருந்தால் கடைசியாகக் கையெழுத்திட்டதே செல்லும். ஆனாலும் பழைய நகல்களைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.