எம்.எல்.ஏ.வைப் பார்க்கத் தெருவைக் கூட்டிப்போவது எப்படி

எங்கள் ஏரியாவில் ராத்திரி 9.20 டவுன் பஸ் நின்றுபோனதும் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரம் ஒரே புலம்பல். சரி, ஞாயிற்றுக்கிழமை எம்.எல்.ஏ. ஆபீஸுக்குப் போவோம், யார் யார் வருகிறீர்கள் என்று கேட்டேன். குழுவே கப்சிப். ஒருவர் மட்டும் கைகூப்பும் படம் போட்டார், அது வருகிறேன் என்பதா, ஆளை விடு என்பதா என்று இன்றுவரை தெரியாது.

குழுவில் கேட்டது என் தப்பு. பொதுவில் கேட்டால் அடுத்தவர் போவார் என்று எல்லோரும் இருந்துவிடுவார்கள். வீட்டு வாசலுக்குப் போய்க் கேட்க வேண்டும், அதுவும் அந்தப் பஸ் இல்லாமல் நிஜமாகவே கஷ்டப்படுகிறவர் வீட்டுக்கு. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் அக்கா, டியூஷன் முடிந்து வரும் பிள்ளையின் அம்மா, பூ விற்கிறவர் என்று ஐந்தாறு பேர் போதும்.

தயங்குவார்கள். "கட்சிக்காரின்னு பேர் வந்துடும்" என்பார்கள். மனுவில் கட்சிப் பெயரே இருக்காது என்று எழுதியதைக் காட்டுங்கள். "நான் அவருக்கு ஓட்டே போடலையே" என்றால், போடாதவர்களுக்கும் அவர்தான் எம்.எல்.ஏ. ஒரு நாள் சம்பளம் போகும் என்கிறவரிடம் மட்டும் வாதாடாதீர்கள், அவருக்கு ஒத்துவரும் நேரத்துக்கு நீங்கள் மாறிக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு உண்மையான பயம், அங்கே போய் என்ன பேசுவது என்பதுதான். "பேச வேண்டாம், ஒரு மணி நேரம் கூட நில்லுங்க" என்று சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் செருப்பை மாட்டிக்கொள்வார்கள்.

யாரைப் பார்ப்பது என்பதில் குழம்பினால் அலைச்சல்தான். தெருவிளக்கு, சாக்கடை என்றால் கவுன்சிலர், கிராமத்தில் ஊராட்சித் தலைவர். ரயில் நிறுத்தம், தேசிய நெடுஞ்சாலை என்றால் எம்.பி. எம்.எல்.ஏ.வுக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் உண்டு, அதில் பஸ் நிறுத்த நிழற்குடை கட்டித் தரச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் பஸ்ஸை அந்த நிதியில் ஓட்ட முடியாது. பஸ் விடுவது போக்குவரத்துக் கழகம். எம்.எல்.ஏ.விடம் நாம் கேட்பது அந்தக் கழகத்து அதிகாரிக்கு ஒரு பரிந்துரைக் கடிதம். இதைத் தெரிந்துகொண்டு போனால், "பார்க்கலாம்" என்று சொல்லி நம்மை அனுப்பிவைப்பது கஷ்டம்.

போகுமுன் உதவியாளருக்குப் போன் செய்யுங்கள். சட்டசபை நடக்கும் நாட்களில் எம்.எல்.ஏ. சென்னையில் இருப்பார். கல்யாண வீட்டில் மனுவை நீட்டாதீர்கள், அது பக்கத்தில் நிற்பவர் கைக்குப் போய், அங்கிருந்து தாம்பூலப் பையோடு யார் வீட்டுக்கோ போய்விடும் (எங்கள் முதல் மனு அப்படித்தான் போனது).

மனு ஒரே பக்கம், ஒரே கோரிக்கை. பஸ் எண், நேரம், எந்தத் தேதியிலிருந்து வரவில்லை, கீழே தெருப்பெயரோடு கையெழுத்துகள். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். போன இடத்தில் குடிநீர், குப்பை, நாய்த் தொல்லை என்று யாராவது ஆரம்பித்தால் மெதுவாகக் கையைப் பிடித்து அழுத்துங்கள்.

உள்ளே நான் நீட்டி முழக்கி ஒரு முன்னுரை ஆரம்பித்தேன், எம்.எல்.ஏ. போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச மாட்டேன் என்று வந்த ஜவுளிக்கடை அக்காதான் குறுக்கே புகுந்தார். "ஒம்பது மணிக்குத்தான் கடை சாத்துறாங்க ஐயா. டவுன் பஸ்ஸுல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லை. இப்போ ஷேர் ஆட்டோவுக்கு 40 ரூபா. மாசம் 26 நாள், கணக்குப் போட்டுப் பாருங்க." 1,040 ரூபாய். அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என்ன சம்பளம் வாங்குறீங்கம்மா என்று கேட்டார். ஆக, ஊருக்காகப் பேசுகிறவரை விட, தன் கணக்கைச் சொல்லத் தெரிந்தவரை முன்னால் நிறுத்துங்கள்.

அப்புறம் வருவதுதான் சலிப்பான வேலை. இரண்டு வாரம் கழித்து உதவியாளரிடம் பரிந்துரைக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். அதை எடுத்துக்கொண்டு போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரைப் பாருங்கள், அங்கே நகரவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. கிராமத்துக்காரர்கள் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மாதிரியான கிராம சபை நாட்களில் தீர்மானம் போட்டு அதையும் இணைத்தால் மனுவுக்குக் கனம் கூடும்.

எங்களுக்கு இரண்டு மாதம் கழித்து 9.20 திரும்ப வந்தது, ஞாயிறு தவிர. ஜவுளிக்கடைக்கு ஞாயிறுதான் கூட்டம். போன வாரம் அக்கா என் வீட்டுக் கதவைத் தட்டி, "புதன்கிழமை காலைல போறோம், பதினோரு பேரு சேந்திருக்கு, நீங்க வந்தா மனுவ மட்டும் எழுதிக் குடுங்க, பேச வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.