பலோவ் நேரத்தைப் பார்த்துத் தாஷ்கண்டைச் சுற்றுவது எப்படி?

உஸ்பெகிஸ்தானுக்கு வருகிறவர்களில் பலர் தாஷ்கண்டில் இறங்கி, ஓர் இரவு தூங்கி, மறுநாள் காலை ரயிலில் சமர்கந்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கணவரின் வேலை காரணமாக அந்த நகரத்தில் குடியிருந்தவள் நான். அதனால் எனக்கு இது பெரிய வருத்தம். தாஷ்கண்டுக்கு இரண்டு முழு நாள் கொடுங்கள். எங்களைப் பார்க்க வந்த உறவினர்களை எல்லாம் அழைத்துப் போன வழியையே இங்கே சொல்கிறேன்.

அந்த வழிக்கு ஒரே ஒரு விதிதான். பார்க்கும் இடங்களை வைத்து நாளைத் திட்டமிடாதீர்கள். சாப்பாட்டு நேரத்தை வைத்துத் திட்டமிடுங்கள். இந்த நகரத்தின் நல்ல உணவு ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் இருக்கிறது. ரொட்டிக்குக் காலை, பலோவ் என்ற இறைச்சிச் சோற்றுக்கு நண்பகல், கரியில் சுட்ட இறைச்சிக்கு மாலை. அந்த நேரம் தவறினால் மிச்சம் மீதிதான் கிடைக்கும். கட்டடங்கள் எங்கேயும் போய்விடாது, காத்திருக்கும்.

முதலில் சில்லறை விஷயங்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இணையத்திலேயே விசா எடுத்துக்கொள்ளலாம். தங்கும் விடுதி உங்கள் பெயரை அரசிடம் பதிவு செய்யும். அந்தப் பதிவுச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். நாணயம் சோம். ஒரு டாலருக்கே பல ஆயிரம் சோம் கிடைக்கும் என்பதால், பணம் கொடுக்கும்போது பூஜ்யங்களை நிதானமாக எண்ணுங்கள். 2017இல் நாணயக் கட்டுப்பாடு தளர்ந்த பிறகு கறுப்புச் சந்தைக்கு வேலையில்லாமல் போய்விட்டது, வங்கியிலேயே மாற்றுங்கள். விமான நிலைய வாசலில் சூழ்ந்துகொள்ளும் டாக்சிக்காரர்களிடம் பேரம் பேசாமல், கைபேசியில் யாண்டெக்ஸ் கோ செயலியை முன்பே இறக்கி வைத்திருங்கள். விமான நிலையம் நகரத்தை ஒட்டியே இருப்பதால் பயணம் சிறியது.

முதல் நாள் காலை நேராக சோர்சு சந்தைக்குப் போங்கள். சோர்சு மெட்ரோ நிலையத்திலிருந்து மேலே வந்தால் நீல ஓடு பதித்த பெரிய குவிமாடம் தெரியும். அதற்குள் நுழையும் அவசரம் வேண்டாம். பக்கத்தில் ரொட்டி சுடும் இடத்தைத் தேடுங்கள். மணமே வழி காட்டும். வட்டமான மாவை நடுவில் அழுத்தி, செகிச் என்ற முள் அச்சால் கோலம் போலப் புள்ளி குத்தி, தந்தூர் அடுப்பின் உட்சுவரில் அறைகிறார்கள். சில நிமிடங்களில் அது நோன் ஆகி வெளியே வருகிறது. சூடாக ஒன்று வாங்கி, கையால் பிய்த்துச் சாப்பிடுங்கள். அந்த ஊரில் நோனைக் கத்தியால் வெட்டுவதில்லை, கவிழ்த்தும் வைப்பதில்லை. உணவுக்குக் காட்டும் அந்த மரியாதையை விருந்தாளியும் காட்ட வேண்டும் என்பது என் எண்ணம்.

குவிமாடத்தின் கீழ்த்தளத்தில் இறைச்சியும் பால் பொருள்களும் இருக்கின்றன. நோனோடு சாப்பிடக் கெட்டியான பாலேடு, கைமாக், இங்கே கிடைக்கும். தயிரை உலர்த்தி உருட்டிய குருத் உருண்டைகள் வெண்கூழாங்கற்களாகக் குவிந்திருக்கும். உப்பு தூக்கலாக இருக்கும், ஒன்றைச் சுவைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். காரட்டை நூலாகச் சீவி, பூண்டும் மிளகாயும் காடியும் சேர்த்து ஊறவைத்த கொரியச் சாலட் விற்கும் பெண்களைக் கவனியுங்கள். 1937இல் ஸ்டாலின் ஆட்சி சோவியத் தூரக்கிழக்கிலிருந்த கொரிய மக்களைக் கூட்டம் கூட்டமாக மத்திய ஆசியாவுக்கு வலுக்கட்டாயமாகக் குடிபெயர்த்தது. கிம்ச்சி என்ற கொரிய ஊறுகாய்க்கு வேண்டிய முட்டைக்கோஸ் கிடைக்காத மண்ணில், கிடைத்த காரட்டை வைத்து அவர்கள் பழகிக்கொண்ட உணவு இது. எத்தனை துயரம் கடந்து வந்தது என்று தெரிந்து சாப்பிட வேண்டிய சாலட்.

மேல்தளத்தில் உலர்பழங்களும் கொட்டைகளும். உலர்ந்த ஆப்ரிகாட் பழத்திலேயே பல நிறங்கள் இருக்கும். விற்பவர் கேட்காமலே கையில் வைத்துச் சுவைக்கச் சொல்வார். சுவைத்த பிறகு வாங்காமல் நகர்ந்தாலும் முகம் சுளிக்க மாட்டார். விலை கேட்டு, சிரித்த முகத்தோடு கொஞ்சம் குறைத்துக் கேட்கலாம். நூலில் விளைந்த நவ்வாத் கற்கண்டை வாங்கிக்கொள்ளுங்கள். பச்சைத் தேநீருக்கு அதுதான் துணை.

சந்தையை ஒட்டியே பதினாறாம் நூற்றாண்டின் குக்கெல்தாஷ் மதரஸா இருக்கிறது. முற்றத்தை எட்டிப் பார்த்துவிட்டு, பழைய நகரத்தின் மண்சுவர்ச் சந்துகள் வழியாக ஹஸ்ரத்தி இமாம் வளாகத்துக்கு நடந்தே போங்கள். இஸ்லாத்தின் மூன்றாம் கலீஃபா உஸ்மான் காலத்தது என்று போற்றப்படும், தோலில் எழுதிய பழம்பெரும் குர்ஆன் பாதுகாக்கப்படுவது இங்கேதான். ரஷ்யப் பேரரசு அதை செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக் கொண்டுபோனது; புரட்சிக்குப் பிறகு அது திரும்பி வந்தது. பெண்கள் தலையில் போட ஒரு துப்பட்டா வைத்திருங்கள்.

பதினொன்றரை ஆகிவிட்டதா? டாக்சி பிடியுங்கள். தொலைக்காட்சிக் கோபுரத்துக்கு அருகில் உள்ள பெஷ் கொசான் பலோவ் கூடத்துக்குப் போக வேண்டும். மெட்ரோவில் வந்தால் பொதொம்சோர் நிலையம். உள்ளே உட்காரும் முன் அடுப்படிக்குப் போங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆள் இறங்கி நிற்கும் அளவுக்குப் பெரிய கொசான் கொப்பரைகளில் பலோவ் வெந்துகொண்டிருக்கும். செம்மறி வால் கொழுப்பிலோ எண்ணெயிலோ வெங்காயமும் இறைச்சியும் வதங்கி, மஞ்சள் காரட் கீற்றுகளும் சீரகமும் சேர்ந்து, அதன்மேல் அரிசி பரவி, ஆவியில் முடிகிறது சமையல். சமர்கந்தில் இதை அடுக்கு கலையாமல் எடுத்து வைப்பார்கள். தாஷ்கண்டின் திருமணப் பலோவில் கலந்துவிட்டு, கொண்டைக்கடலையும் உலர்திராட்சையும் சேர்ப்பார்கள். எனக்குத் தாஷ்கண்ட் முறைதான் பிடிக்கும். ஒவ்வொரு பருக்கையிலும் காரட்டின் இனிப்பு ஏறியிருக்கும்.

திருமண வீட்டில் பலோவ் விருந்து விடியற்காலையிலேயே நடக்கும். உணவகங்களில் நண்பகலில் சூடாக இறங்கும்; பல கடைகளில் பிற்பகலுக்குள் தீர்ந்துவிடும். ஆகவே மாலையில் பலோவ் தேடாதீர்கள். தட்டின் மேல் காஸி என்ற குதிரை இறைச்சித் தொத்திறைச்சியும் காடை முட்டையும் வைப்பது வழக்கம். வேண்டாம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும்: மோல் என்றால் மாடு, கோய் என்றால் செம்மறி, ஓட் என்றால் குதிரை. கூடவே தக்காளியும் வெங்காயமும் மெல்லிசாக அரிந்த அச்சிச்சுக் சாலட் கேளுங்கள். அந்தக் கொழுப்புக்கு அதுவே மருந்து. குளிர்பானம் குடிக்க வேண்டாம், பச்சைத் தேநீர் குடியுங்கள். பியாலாக் கிண்ணத்தில் அரைக்கும் குறைவாக ஊற்றினால் கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். திரும்பத் திரும்ப ஊற்றி உபசரிப்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். ரசீதின் அடியில் சேவைக் கட்டணம் சேர்ந்திருக்கும், அது வழக்கம்தான்.

சாப்பிட்ட பிறகு, 1985இல் திறந்த 375 மீட்டர் கோபுரத்தில் ஏறலாம், கடவுச்சீட்டு கேட்கக்கூடும். என்னைக் கேட்டால், ஏறாவிட்டாலும் நஷ்டமில்லை. அதைவிட, மாலை வெயில் தாழ்ந்ததும் கால்வாய்க் கரையிலுள்ள வெள்ளைப் பளிங்கு மினோர் மசூதிக்குப் போங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. என் மாமியார் வந்திருந்தபோது இதில் நிறையக் கற்றுக்கொண்டேன். தந்தூரில் சுடும் சமோசா போன்ற சோம்சாவில், பூசணிக்காய் சோம்சாவும் வசந்த காலத்துக் கீரைச் சோம்சாவும் பார்க்கச் சைவம்தான். ஆனால் பூரணத்தில் வால் கொழுப்பு சேர்ப்பதுண்டு. சூப்புகளும் பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் செய்தவை. "கோஷ்ட்சிஸ்" என்றால் இறைச்சி இல்லாமல். அதைச் சொல்லிவிட்டு, கொழுப்புக்கு "தும்பா" என்று சொல்லி அதுவும் வேண்டாம் என்று கை அசையுங்கள். நோன், கைமாக், சுஸ்மா என்ற வடிகட்டிய தயிர், சாலட், பழம் ஆகியவற்றை நம்பிச் சந்தையிலேயே ஒரு நல்ல வேளை உணவை முடித்துவிடலாம். மாமியார் அப்படித்தான் மகிழ்ச்சியாகச் சாப்பிட்டார்.

இரண்டாம் நாளை மெட்ரோவுக்கு ஒதுக்குங்கள். 1977இல் தொடங்கிய இது மத்திய ஆசியாவின் முதல் மெட்ரோ. 2018 வரை இங்கே படம் எடுக்கவே தடை; இப்போது தாராளமாக எடுக்கலாம். உஸ்பெகிஸ்தான் பாதை ஒன்றே போதும். சோர்சுவில் ஏறி அலிஷேர் நவாய் நிலையத்தில் இறங்குங்கள். மேலே வரிசையாகச் சிறு குவிமாடங்கள், சுவர்களில் பதினைந்தாம் நூற்றாண்டுக் கவிஞர் நவாயின் காவியக் காட்சிகள். அடுத்த ரயிலில் ஏறி கஸ்மனாவ்த்லார் நிலையம். சுவர்கள் கருநீலத்தில் மங்கி விண்வெளியாகிவிடுகின்றன. வட்டங்களுக்குள் யூரி ககாரின், வாலண்டினா தெரெஷ்கோவா, அவர்களோடு தைமூரின் பேரனும் வானியல் அறிஞருமான உலுக் பெக். விண்வெளி வீரர்களின் வரிசையில் ஒரு வானியல் அரசரைச் சேர்த்தவர் யாரோ, அவர் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு. ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு ரயிலை விட்டுவிட்டு நின்று பாருங்கள்.

மேலே வந்ததும் நகரம் ஏன் இவ்வளவு அகலமான சாலைகளோடு இருக்கிறது என்ற கேள்வி எழும். 1966 ஏப்ரல் 26 அதிகாலை நிலநடுக்கம் நகரத்தின் நடுப்பகுதியைச் சிதைத்தது; லட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள். சோவியத் ஒன்றியத்தின் பல குடியரசுகளிலிருந்து வந்தவர்கள் புதிதாகக் கட்டினார்கள். பிளவுபட்ட கல்லில் அந்த நேரத்தைப் பொறித்த நினைவுச்சின்னத்தை அவசியம் பாருங்கள். நவாய் நாடக அரங்கம் அந்த அதிர்வையும் தாங்கி நின்றது. 1947இல் திறந்த அந்தக் கட்டடத்துக்காக ஜப்பானியப் போர்க்கைதிகள் உழைத்ததைச் சுவரிலுள்ள கல்வெட்டு சொல்கிறது. மாலையில் ஓபரா என்ற இசை நாடகம் இருந்தால் டிக்கெட் எடுத்துவிடுங்கள், விலை மலிவு. இடைவேளையில், ஒவ்வொரு வட்டாரத்தின் சுண்ணச் செதுக்கு வேலையையும் தனித்தனியாகக் காட்டும் பக்கக் கூடங்களைச் சுற்றி வாருங்கள். கோடையில் அரங்கம் விடுமுறையில் இருக்கும்.

அதே 1966இன் ஜனவரி 10 அன்று பாகிஸ்தானோடு தாஷ்கண்ட் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட லால் பகதூர் சாஸ்திரி, 11ஆம் தேதி அதிகாலை இந்த நகரத்திலேயே காலமானார். அவர் பெயரில் ஒரு தெருவும் சிலையும் இருக்கின்றன. டாக்சியில் போய் வணங்கிவிட்டு வரலாம். பிறகு இரவு உணவுக்கு ஷஷ்லிக், அதாவது கம்பியில் கோத்துக் கரியில் சுட்ட இறைச்சி. அதை எந்தத் தெருமுனைக் கரியடுப்பிலும் நம்பிச் சாப்பிடலாம், கூட்டம் இருந்தால் போதும்.

வர நல்ல காலம் ஏப்ரல், மே; அல்லது செப்டம்பர், அக்டோபர். ஜூன் கடைசியிலிருந்து நாற்பது நாள் கடும் வெப்பம்; நாற்பது டிகிரியைத் தாண்டும் நாள்களும் உண்டு. நான் செப்டம்பரையே சொல்வேன். முலாம்பழங்கள் சாலையோரத்தில் மலையாகக் குவிந்திருக்கும் மாதம் அது.

சமர்கந்துக்கு அஃப்ரோசியோப் என்ற அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். விசா வந்த அன்றே டிக்கெட் எடுங்கள். நகரத்தில் வடக்கு, தெற்கு என இரண்டு ரயில் நிலையங்கள் உள்ளன. வடக்கு நிலையத்துக்கு உஸ்பெகிஸ்தான் பாதையிலேயே தாஷ்கண்ட் நிலையத்தில் இறங்கினால் போதும். தெற்கு நிலையம் வெகு தூரம். எது என்று டிக்கெட்டில் பார்த்துக்கொண்டு விடுதியிலிருந்து கிளம்புங்கள்.