'ஷோ' என்பதா, 'க்ளெய்ம்' என்பதா: பிறர் வாதத்தை ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லும்போது

ஆய்வுக் கட்டுரையில் இன்னொருவர் கருத்தைச் சொல்ல நாம் எடுக்கும் வினைச்சொல், நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறது. 'ஷோ', 'பாயின்ட் அவுட்' என்று எழுதினால் அவர் சொன்னது சரி என்று நாமும் ஒப்புக்கொண்டதாகப் பொருள். 'ஆர்க்யூ', 'சஜஸ்ட்' இரண்டும் நம்மை எதிலும் மாட்டிவிடாதவை. 'க்ளெய்ம்' பல இடங்களில் சந்தேகத்தைக் கிளப்பும். 'ஓவர்லுக்' என்றால் அவர் எதையோ கவனிக்கத் தவறினார் என்று குற்றம் சொல்லியாயிற்று. ஆசிரியரின் நிலைப்பாடு வேறு, அவரை எடுத்துக்காட்டுபவரின் நிலைப்பாடு வேறு என்பதை மொழியியலாளர்களான தாம்ப்சனும் யேயும் 1991-இல் வெளியான கட்டுரையில் வகைபிரித்துக் காட்டினார்கள். இதை அறியாமல் ஒரு பத்தியில் 'ஷோஸ் தட்' என்று எழுதிவிட்டு, அடுத்த பத்தியில் அதையே மறுப்பவர்கள் நிறைய. படிப்பவர் குழம்பிப்போவார்.

ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறதே என்று 'ஆர்க்யூ'வுக்குப் பதில் 'அட்மிட்', 'இன்சிஸ்ட்' என்று மாற்றிப் போடுவது அதைவிட ஆபத்து. 'அட்மிட்' என்றால் விருப்பமில்லாமல் ஒப்புக்கொண்டார் என்றாகிவிடும். அவர் அப்படிச் செய்யவே இல்லையே! 'ஆர்க்யூ' நான்கு முறை வந்தால் வரட்டும். ஒருவர் செய்யாததைச் செய்ததாக எழுதுவதுதான் தவறு.

என் பார்வையில் மிகப் பெரிய தவறு, மூல ஆசிரியரின் தயக்கத்தை விழுங்கிவிடுவது. தூக்கக் குறைவு நினைவாற்றலைப் பாதிக்கக்கூடும் என்று ஒருவர் 'மே' போட்டு எழுதியிருப்பார். நாம் 'ப்ரூவ்ட்' என்று எழுதுவோம். கணிதத்துக்கும் தர்க்கத்துக்கும் உரிய சொல் அது. கள ஆய்வில் அநேகமாக யாரும் எதையும் அப்படி நிறுவிவிடுவதில்லை. நம் கட்டுரையை மட்டும் படித்த அடுத்தவர் நம் சொல்லை நம்பி மேற்கோள் காட்டுவார். ஒரு 'மே' தொலைந்ததில், எச்சரிக்கையோடு சொன்ன ஊகம் உறுதியான உண்மையாகிவிடும்.

இதற்கு இணையானது, யாருடைய குரல் என்று பார்க்காமல் எடுப்பது. மெய்யியலிலும் சமூக அறிவியலிலும், மறுக்கப்போகும் கருத்தைப் பக்கக்கணக்கில் விரித்துச் சொல்லிவிட்டுப் பிறகு வெட்டுவது வழக்கம். 'இட் மைட் பி ஆப்ஜெக்டட்', 'சம் ஹேவ் ஆர்க்யூட்' என்று தொடங்கினால் அது எதிராளியின் குரல். அதைப் பிடுங்கி மூல ஆசிரியருடைய கருத்தாகவே எழுதினால், அவர் முழு மூச்சாக எதிர்த்த ஒன்றை அவர் வாயில் திணித்தவர்களாவோம். ஒரு வரியை எடுக்குமுன் முன்னும் பின்னும் இரண்டு பக்கம் படியுங்கள்.

நம் பக்கத்திலும் குரல் கலந்துவிடக்கூடாது. பத்தியின் முதல் வரியில் பெயரும் ஆண்டும் போட்டுவிட்டு, அடுத்த ஐந்து வரிகளை வெறுமனே விட்டால், அவை அவருடையவையா நம்முடையவையா? 'ஷி ஃபர்தர் ஆர்க்யூஸ்', 'ஆன் திஸ் வியூ' போல ஒரு தொடர் இடையில் வந்தால் போதும்.

இலக்கணத்தில் சில. 'டிஸ்கஸ் அபவுட்', 'மென்ஷன் அபவுட்' இரண்டிலும் 'அபவுட்' வேண்டாம். 'அக்கார்டிங் டு' என்று தொடங்கிய வாக்கியத்தில் அதே ஆசிரியருக்கு மறுபடி 'ஆர்க்யூஸ்' வேண்டாம். பெயருக்குப் பின் 'எட் ஆல்' ('மற்றும் பிறர்') வந்தால் வினை பன்மை. காலத்தைப் பொறுத்தவரை, ஏபிஏ நடை (உளவியல், சமூக அறிவியல் துறைகளில் பரவலான மேற்கோள் முறை) முந்தைய ஆய்வுகளுக்கு இறந்த காலத்தையோ 'ஹேவ் ஷோன்' போன்ற வடிவத்தையோ கேட்கிறது. இலக்கியம், மொழித் துறைகளில் பரவலான எம்எல்ஏ நடையில் நிகழ்காலம்தான் வழக்கம்.

துறைக்குத் துறை பழக்கமும் மாறும். மொழியியலாளர் கென் ஹைலண்ட் 1999-இல் எட்டுத் துறைகளின் 80 கட்டுரைகளை ஒப்பிட்டபோது, மெய்யியல் போன்ற துறைகள் 'ஆர்க்யூ', 'சஜஸ்ட்' பக்கம் சாய்வதும், அறிவியல், பொறியியல் துறைகள் 'ரிப்போர்ட்', 'ஷோ' பக்கம் சாய்வதும் தெரிந்தது. எனவே சொற்களைப் பொதுப் பட்டியலிலிருந்து எடுக்காமல், உங்கள் துறையின் நல்ல இதழ்களில் வந்த கட்டுரைகளிலிருந்து பொறுக்குங்கள். மூலத்தைப் படிக்காமல் வேறொருவர் வழியாக அறிந்தீர்கள் என்றால் 'சைட்டட் இன்' என்று போட்டு, படித்த நூலையே காட்டுங்கள்.