அரிவாளும் அடிச்சுவடும்: நெல்லைச் சீமையில் தடயம் எடுக்கும் முறை

‘ரத்தம் உள்ளது, யாருடையது என்று சொல்ல இயலவில்லை’ என்று ஆய்வக அறிக்கை வந்தால், பெரும்பாலும் பழி பாலிதீன் பையைத்தான் சேரும். ஈரச் சட்டையை அதில் சுருட்டிப் போட்டு, சித்திரை வெயிலில் ஜீப்புக்குள் ஒரு பகல் வைத்தால் உள்ளே புழுங்கிப் பூஞ்சை பிடித்துவிடும். அதற்கப்புறம் டி.என்.ஏ.வை மீட்பது மிகக் கடினம். தடயத்தின் தலையெழுத்து முதல் இரண்டு மணி நேரத்தில் அதைத் தொட்டவர் கையில் இருக்கிறது. அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதைப் புதிதாக நிலையத்தில் சேர்ந்த காவலர், உதவி ஆய்வாளர், மகஜரில் (சம்பவ இடத்தில் சாட்சிகள் முன் எழுதும் பதிவு) சாட்சியாக நிற்கும் கிராம நிர்வாக அலுவலர் ஆகியோரை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(3) பிரிவு, ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் நேரில் வந்து தடயம் சேகரிக்க வேண்டும், அதை வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது. மாநிலங்கள் ஐந்து ஆண்டுக்குள் இதை நடைமுறைக்குக் கொண்டுவரலாம். நிபுணர் வருவார் என்பதற்காக நாம் கைகட்டி நிற்க முடியாது. பாளையங்கோட்டையிலிருந்து வண்டி கிளம்பி உவரிக்கோ பாபநாசத்துக்கோ வந்து சேரும்வரை காற்றும் கூட்டமும் சும்மா இருக்கப்போவதில்லை.

கயிறு எங்கே கட்டுவது

உடல் கிடக்கும் இடத்தைச் சுற்றி மட்டும் கயிறு கட்டுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. வந்த வழி, போன வழி, வண்டி நிறுத்திய இடம் மூன்றும் உள்ளே அடங்க வேண்டும். முதலில் பெரிதாகக் கட்டுங்கள். பிறகு சுருக்கலாம், சிறிதாகக் கட்டிவிட்டால் விரிக்க முடியாது. அதற்குள் ஊரே மிதித்திருக்கும். உள்ளே போக ஒரே ஒரு தடம் வைத்துச் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். எதிரி (குற்றம் சாட்டப்படுபவர்) நடந்திருக்க வாய்ப்பில்லாத ஓரமாக அது இருக்கட்டும். அந்தத் தடத்தில் யார் எத்தனை மணிக்குப் போனார், எப்போது வந்தார் என்று ஒருவர் நோட்டில் எழுத வேண்டும். அதிகாரிகளுக்கும் இதில் விலக்கு கிடையாது. ‘ஐயா வந்தாங்க, எழுதல’ என்று நீதிமன்றத்தில் சொல்ல முடியாது.

உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாவற்றுக்கும் முன். அடிபட்டவரை 108-ல் ஏற்றும்போது தடயம் கலைந்தால் கலையட்டும். எது எங்கிருந்து நகர்ந்தது என்று குறித்துக்கொண்டால் போதும். உடுப்பைக் கிழிக்க நேர்ந்தால், குத்து விழுந்த ஓட்டை வழியாகக் கிழிக்க வேண்டாம் என்று மருத்துவமனையில் சொல்லிவையுங்கள். நாட்டு வெடிகுண்டு என்று சந்தேகம் வந்தால் இந்தக் கட்டுரையை மடித்து வைத்துவிட்டு, வெடிகுண்டு கண்டறியும் பிரிவு வரும்வரை எட்ட நில்லுங்கள்.

பிறகு படம். முதலில் நாலு மூலையிலிருந்தும் முழு இடம். அடுத்து ஒவ்வொரு பொருளும் பக்கத்தில் உள்ளதோடு சேர்த்து. கடைசியில் அளவுகோலோடு மிக நெருக்கமாக. நெருக்கப் படத்தை அளவுகோல் இல்லாமல் ஒன்று, அளவுகோலோடு ஒன்று என இரண்டாக எடுக்க வேண்டும். அளவுகோலுக்கு அடியில் எதையும் மறைக்கவில்லை என்பதற்கு முதல் படம்தான் சாட்சி. மாதிரி வரைபடத்தில் ஒவ்வொரு பொருளுக்கும், நகராத இரண்டு இடங்களிலிருந்து தூரம் போடுங்கள். மின்கம்பம், வீட்டு மூலை, மைல்கல் சரி. பனைமரம் என்று எழுதினால் எந்தப் பனை என்ற கேள்வி வரும்.

அடிச்சுவடு: மண்ணுக்கு மண் வேறு வைத்தியம்

இந்த வட்டாரத்தில் அதிகம் கிடைப்பதும் அதிகம் வீணாவதும் அடிச்சுவடுதான். திசையன்விளைப் பக்கத்துத் தேரியின் செம்மணல், மானூர்ப் பக்கக் கரிசல், சேரன்மகாதேவி வயல் வரப்பு மூன்றுக்கும் ஒரே கைப்பக்குவம் செல்லாது.

எந்த மண்ணானாலும் முதலில் படம் எடுக்க வேண்டும். கேமரா சுவடுக்கு நேர் மேலே, ஸ்டாண்டில் இருக்க வேண்டும். அளவுகோலைத் தரைமட்டத்தில் வைக்காமல், சுவடின் அடி எவ்வளவு ஆழமோ அந்த ஆழத்துக்குப் பக்கத்து மண்ணைத் தோண்டி அதில் வையுங்கள். இல்லையென்றால் அளவு தப்பும். குடை பிடித்து வெயிலை மறைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு சாய்த்து நாலு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு படம் எடுக்க வேண்டும். உச்சி வெயிலில் எடுத்த படத்தில் செருப்பின் பூ வேலைப்பாடு தெரியவே தெரியாது.

அச்சு எடுக்கப் பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் டென்டல் ஸ்டோன் பொடிதான் சிறந்தது. ஒரு காலுக்கு 900 கிராம் பொடி, 300 மி.லி. தண்ணீர். ஜிப் பையில் பொடியை முன்கூட்டியே நிறுத்து வைத்திருந்தால், இடத்தில் தண்ணீரை ஊற்றி இரண்டு மூன்று நிமிடம் பிசைந்தால் போதும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்தான் கையில் இருக்கிறது என்றால் 1 கிலோவுக்கு 500 முதல் 600 மி.லி. வேண்டும். அது உடையும் என்பதால் நடுவில் குச்சியோ கம்பி வலையோ வைக்க வேண்டும். எதுவானாலும் ஊற்றும் பதம் தோசை மாவுதான். தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள். கடற்கரைக் கிணற்று உப்புத் தண்ணீரில் கலந்தால் கலவை சீக்கிரம் இறுகும். பாதி ஊற்றுவதற்குள் பையிலேயே கல்லாகிவிடும்.

தேரியில் மேல் மணல் உதிரி. கலவையின் கனமே சுவடைச் சரித்துவிடும். தலைக்கு அடிக்கும் ஹேர் ஸ்பிரேயைச் சுவடுக்கு நேராக அடிக்காமல், ஒரு முழம் மேலே காற்றில் அடித்துத் துளிகள் தானே இறங்கும்படி விடுங்கள். காயவிட்டு மறுபடி அடியுங்கள். மூன்று நான்கு தடவை. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பணகுடி, ராதாபுரம் பக்கம் வீசும்போது இதை வெட்டவெளியில் செய்யவே முடியாது. முதலில் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்துச் சுவடைக் காப்பாற்ற வேண்டும். பிறகு தார்ப்பாயில் மறைப்புக் கட்டிவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். கரிசலில் வெயில் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. வெடிப்பு விழுந்திருந்தால் மட்டும் கலவை உள்ளே ஓடாதபடி சுற்றிலும் தகரச் சட்டம் வைத்து மண்ணால் அணைக்க வேண்டும்.

வயலில் சுவடுக்குள் தண்ணீர் நின்றால் அதை மொண்டு எடுக்காதீர்கள். மொள்ளும்போது ஓரம் இடியும். உலர்ந்த டென்டல் ஸ்டோன் பொடியைச் சல்லடையால் தண்ணீருக்குள் மெல்லத் தூவி ஓர் அங்குலம் படியவிட்டு, அதன் மேல் கெட்டிக் கலவையை ஊற்றுங்கள்.

ஊற்றும்போது கலவை நேராகச் சுவடில் விழக் கூடாது. ஓரத்தில் கரண்டியைப் பிடித்து, அதில் விழுந்து வழிந்து போகும்படி விட வேண்டும். கனம் 2 செ.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். இறுகும் முன் முதுகில் தேதி, குற்ற எண், சுவடு எண், திசைக்கு ஓர் அம்புக்குறி கீறுங்கள். அரை மணி நேரம் கழித்துப் பக்கவாட்டு மண்ணை எடுத்துவிட்டு, அடியோடு தூக்க வேண்டும். முழுதாகக் காய 48 மணி நேரம் ஆகும். ஒட்டியிருக்கும் மண்ணைப் பிரஷ் போட்டுத் தேய்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும், வேண்டாம். செருப்பின் தேய்மானம் அந்த மண்ணோடுதான் இருக்கிறது, மண்ணே தனித் தடயமாகவும் ஆகலாம். அதே இடத்து மண் ஒரு கைப்பிடி தனியாகக் காகிதத்தில் மடித்து வையுங்கள்.

ஒப்பிட, பிடிபட்டவரின் கால் பதிவை எடுக்க 2022-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம் இடம் தருகிறது. நின்ற பதிவு மட்டும் போதாது. நடந்ததும் ஓடியதும் வேண்டும். ஓடும் காலின் விரல் அழுத்தம் வேறு.

ரத்தமும் அரிவாளும்

சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் இல்லை. திண்ணையில் வெற்றிலை எச்சில், வாசலில் குங்குமம், செருப்பில் தேரி மண் எல்லாம் காய்ந்தால் ஏமாற்றும். முதல்நிலைச் சோதனைக்குக் காஸ்ட்டில் மேயர் முறை: கறையைத் தொட்ட பஞ்சில் பினாப்தலின் கரைசல் ஒரு சொட்டு, பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு. இரண்டாவது விட்டபின் சில நொடிகளில் இளஞ்சிவப்பு வந்தால் ரத்தமாக இருக்கலாம். முதல் சொட்டிலேயே நிறம் வந்தால் அந்தச் சோதனை செல்லாது. பிளீச்சிங் பவுடரோ வேறு ஏதாவதோ விளையாடுகிறது. துருவும் சில காய்கறிச் சாறும் பொய்யாக நிறம் காட்டும். துருப்பிடித்த அரிவாளில் நிறம் வந்தது என்று மகஜரில் ‘மனித ரத்தம்’ என எழுதிவிடக் கூடாது. ‘ரத்தம் போன்ற கறை’ என்பதே சரி. கறை கொஞ்சமே இருந்தால் இந்தச் சோதனையையும் விட்டுவிட்டு முழுவதையும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

தரையில் காய்ந்த கறைக்கு: காய்ச்சி வடித்த தண்ணீரில் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியால் சுழற்றி எடுத்து, உடனே உலர்ந்த குச்சி ஒன்றால் மீதியை எடுக்க வேண்டும். பக்கத்தில் கறையே இல்லாத தரையிலிருந்தும் ஒரு குச்சி எடுக்க வேண்டும். இந்த மூன்றாவது குச்சியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல் முடிவு தரைக்கு உரியதா கறைக்கு உரியதா என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு கறைக்கும் கையுறை மாற்ற வேண்டும். பேசிக்கொண்டே குனியக் கூடாது. நம் எச்சில் துளியிலும் டி.என்.ஏ. இருக்கிறது.

ஈரத் துணியை நிழலில், கீழே வெள்ளைத் தாள் விரித்து, மடிப்புக்கு மடிப்பு தாள் வைத்து உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும்தான், ஆனால் புற ஊதாக் கதிர் டி.என்.ஏ.வைத் துண்டாக்கும். அம்பாசமுத்திரம், பாபநாசம் பக்கம் சாரல் நேரத்தில் ஒரு நாளில் காயாது. அறையில் மின்விசிறியைச் சுவர் பார்த்துத் திருப்பிவைத்து, காயும்வரை பொறுத்திருங்கள். காய்ந்தபின் காகித உறையில் போட வேண்டும். இறந்தவர் துணியும் எதிரியின் துணியும் ஒரே அறையில் காயக் கூடாது. ஒரே பையில் போனால் கேட்கவே வேண்டாம்.

அரிவாளைத் தாளில் சுற்றினால் உரசிக் கறை உதிரும். கெட்டி அட்டைப் பெட்டியின் அடியில் துளை போட்டு, அலகை இரண்டு இடத்திலும் பிடியை ஓர் இடத்திலும் நூலால் கட்டி, அசையாமல் வையுங்கள். அலகைக் கழுவினாலும் பூணுக்கும் மரப்பிடிக்கும் இடையே ரத்தம் இறங்கி நிற்கும். அங்கே எதையும் விட்டு நோண்டாதீர்கள். ஆய்வகத்தில் பிடியைக் கழற்றிப் பார்ப்பார்கள். பிடியில் பிடித்தவரின் தோல் செல் இருக்கலாம் என்பதால் விரல்ரேகைப் பொடி முதலா, டி.என்.ஏ. பஞ்சு முதலா என்று முன்பே முடிவெடுக்க வேண்டும். பல இடங்களில் தொட்ட பிரஷ் ஒருவர் செல்லை இன்னொரு பொருளுக்குக் கொண்டுபோகும். சொரசொரப்பான மரப்பிடியில் ரேகை கிடைப்பது அரிது. எங்கள் ஓட்டு பஞ்சுக்கே. எதிரி காட்டிக்கொடுத்துக் கிணற்றிலிருந்து எடுக்கிற அரிவாள் என்றால் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23-ஆம் பிரிவின் விதிவிலக்கு வரும்: போலீசிடம் அவர் சொன்னதில், பொருள் கிடைக்கக் காரணமான பகுதி மட்டும் செல்லும். அவர் சொன்னதை அவர் சொல்லிலேயே எழுதி, எடுப்பதை முழுக்க வீடியோ எடுங்கள்.

பீடித் துண்டு கிடந்தால் ஒவ்வொன்றையும் தனி உறையில் இடுக்கியால் எடுக்க வேண்டும். வாய் வைத்த முனையைத் தொடக் கூடாது. நூலின் நிறத்தையும் எழுதிவையுங்கள்.

மற்றவை, சுருக்கமாக

விரல்ரேகைக்கு பீரோக் கதவு, டம்ளர், ஜன்னல் கண்ணாடி போன்ற வழவழப்பான இடங்களே முதல். வெளிர் நிறத்தில் கறுப்புப் பொடி, கருநிறத்தில் அலுமினியப் பொடி. பொடியைக் கொஞ்சமாகத் தொட வேண்டும். அதிகமானால் வரிகளுக்கு இடையே அடைத்துக்கொள்ளும். டேப் ஒட்டும் முன் படம் எடுத்தாக வேண்டும், டேப் ஒரே ஒரு தடவைதான் சரியாக உரியும். காகிதத்துக்குப் பொடி வேண்டாம், அதில் ரேகையை வெளிக்கொண்டுவரும் நின்ஹைட்ரின் என்ற ரசாயன வேலையை ஆய்வகம் செய்யும். வீட்டார் எல்லாருடைய ரேகையையும் எடுங்கள், விலக்குவதற்காக.

விஷச் சாவில் மஞ்சள் அரளி விதை, பூச்சி மருந்து இரண்டும் இங்கே அடிக்கடி வரும். வாந்தி, டம்ளர், பாட்டில் மூன்றையும் விடாதீர்கள். உள்ளுறுப்புகளை மருத்துவர் நிறை உப்புக் கரைசலில் வைப்பார். பார்மலினில் வைத்தால் ரசாயனச் சோதனை கெடும். ஜாடியில் மூன்றில் இரண்டு பங்குதான் நிரப்ப வேண்டும், முழுக்க நிரப்பினால் வாயு வந்து மூடி தெறிக்கும். போட்ட உப்பின் மாதிரியும் கூடவே போக வேண்டும்.

தாமிரபரணியிலோ குளத்திலோ உடல் கிடைத்தால், கிடைத்த இடத்திலும் விழுந்ததாகச் சொல்லும் இடத்திலும் புதுப் பாட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீர் எடுங்கள். எலும்பு மஜ்ஜையில் உள்ள டயாட்டம் என்ற நுண்பாசியை அதோடு ஒப்பிடுவார்கள். புழு இருந்தால் பெரியதில் பாதியை வெந்நீரில் அரை நிமிடம் போட்டு 80 சதவீத எத்தனாலில் வையுங்கள்; மீதி உயிரோடு, காற்றுத் துளை உள்ள டப்பாவில். புழுக்கூட்டத்தின் வெப்பத்தையும் குறியுங்கள், இல்லாவிட்டால் சாவு நேரக் கணக்கு வராது.

கடைக் கேமரா என்றால் முதலில் டி.வி.ஆர். என்ற பதிவுக் கருவியின் கடிகாரத்தையும் உங்கள் செல்போன் நேரத்தையும் ஒரே படத்தில் எடுங்கள். பல கருவிகளில் நேரம் தவறாகத்தான் ஓடும். பழைய பதிவின் மேல் புதியது எழுதப்படும் என்பதால் நாளை என்று தள்ளாதீர்கள். நகல் மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்ணான ஹாஷ் மதிப்போடு, மின்னணுப் பதிவுக்கான சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றும் வேண்டும்.

1991 மே 21-ல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஸ்ரீபெரும்புதூரில் சிதறியவற்றுள் ஒரு கேமரா இருந்தது. குண்டில் இறந்த புகைப்படக்காரர் ஹரிபாபுவினுடையது. அதிலிருந்த பிலிம்தான் வழக்கின் பெரிய சாட்சி ஆனது. துணி, ஒயர், பேட்டரித் துண்டுகளை வைத்து அது இடுப்பில் கட்டிய குண்டு என்று நிறுவியது தமிழ்நாடு தடய அறிவியல் துறை. குப்பை என்று யாராவது கூட்டித் தள்ளியிருந்தால் எதுவும் இல்லை.

முத்திரையும் கடிதமும்

ஒவ்வொரு உறையிலும் குற்ற எண், பொருள் எண், எடுத்த இடம், நேரம், எடுத்தவர், இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. அரக்கு முத்திரையின் மாதிரியைத் தனித் தாளில் வைத்து அனுப்ப வேண்டும். பொருள் நிலையத்திலிருந்து நீதிமன்றத்துக்கும், அங்கிருந்து கடிதத்தோடு ஆய்வகத்துக்கும் போகும். எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு எப்போது மாறியது என்ற வரிசையில் ஒரு நாள் விட்டுப்போனாலும் குறுக்கு விசாரணையில் அந்த நாளைத்தான் கேட்பார்கள். கடிதத்தில் ‘ஆய்வு செய்து தரவும்’ என்று மட்டும் எழுதாமல், கேள்வியாக எழுதுங்கள்: பொருள் 3-ல் உள்ள கறை ரத்தமா, மனித ரத்தமா, பொருள் 7-ல் உள்ள மாதிரியோடு டி.என்.ஏ. ஒத்துப்போகிறதா, பொருள் 5-இன் அச்சு பொருள் 9-இன் செருப்போடு பொருந்துகிறதா. கேட்காத கேள்விக்கு ஆய்வகம் பதில் எழுதாது.