சென்னை புழுக்கத்துல சக்குலென்ட் செடி அழுகாம வளர்க்கிறது எப்படி

சக்குலென்ட்னா இலையிலயோ தண்டுலயோ தண்ணிய சேர்த்து வச்சுக்கிற சதைப்பத்தான செடி. அதுல பூ மாதிரி இலை அடுக்கி இருக்கிற எச்சவேரியாவ வாங்கி ரெண்டு மாசத்துல கீழ் இலையெல்லாம் ஊறிப்போய் மஞ்சளாகி, தொட்டாலே உதிருதுன்னா முக்கால்வாசி பேர் "சென்னை காத்துல ஈரப்பதம் ஜாஸ்தி, இங்க இதெல்லாம் வராது"ன்னு விட்டுடறாங்க. வரும், நல்லாவே வரும். காத்துல இருக்கிற ஈரம் நேரா செடிய கொல்றது ரொம்ப அபூர்வம், அது செய்யிற வேலை என்னன்னா தொட்டி மண்ணு காயுற வேகத்த பாதியா குறைச்சிடுது, பெங்களூர்ல மூணு நாள்ல காயுற மண்ணு இங்க நவம்பர்ல ஒரு வாரம் பத்து நாள் ஈரமாவே கிடக்கும், அதுல வேர் மூச்சு முட்டி பூஞ்சை பிடிக்குது. அதனால ரூம் ஈரப்பதத்த குறைக்க போராடாதீங்க, மண்ணு சீக்கிரம் காயறதுக்கு வழி பண்ணுங்க.

சென்னையில ஏன் கூடுதல் கஷ்டம்னும் தெரிஞ்சுக்கணும். இந்த வகை செடிங்க பகல்ல இலைத்துளைய மூடி வச்சுக்கிட்டு ராத்திரி குளிர்ந்ததும் திறந்து கார்பன் டை ஆக்சைடு எடுத்துக்கும், பகல் வெயில்ல தண்ணி வீணாகக் கூடாதுன்னு. எச்சவேரியால பெரும்பாலானது மெக்சிகோ மலைப்பக்கத்து செடி, அங்க பகல் எவ்ளோ காய்ஞ்சாலும் ராத்திரி சிலுசிலுன்னு ஆயிடும். நமக்கு மே மாசம் ராத்திரி கூட 27, 28 டிகிரிக்கு கீழ எறங்காது, கூடவே கடல் காத்து புழுக்கம் வேற. அந்த நேரத்துல செடி வளர்ச்சிய நிறுத்திட்டு சும்மா இருக்கும், தண்ணி உறிஞ்சாது, நாம பாவம் வெயிலாச்சேன்னு ஊத்துற தண்ணி அப்படியே வேர்கிட்ட தேங்கும். நர்சரில விக்கிற நிறைய செடி ஊட்டி, பெங்களூர், காலிம்போங் மாதிரி குளுமையான இடத்துல வளர்ந்து வந்தது, அதுக்கு நம்ம ஊர் பழக கொஞ்சம் நாள் ஆகும்.

முதல்ல காத்துல ஈரப்பதம் எவ்ளோன்னு காட்டுற ஒரு டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் வாங்குங்க, சில நூறு ரூபாதான். ஆனா விலை குறைஞ்ச மீட்டர் நிறைய தப்பா காட்டும், அத வீட்டுலயே செக் பண்ணலாம்: ஒரு பாட்டில் மூடில தூள் உப்பு போட்டு சில சொட்டு தண்ணி விட்டு ஈர மணல் பதத்துக்கு குழைங்க (கரையக் கூடாது), மீட்டரோட சேர்த்து ஜிப் கவர்ல போட்டு இறுக்கி மூடி ராத்திரி முழுக்க விட்டுடுங்க, உள்ள ஈரப்பதம் 75% கிட்ட வந்து நிக்கும். மீட்டர் 70 காட்டுச்சுன்னா எப்பவும் 5 கூட்டி படிச்சுக்கோங்க. சக்குலென்ட்டுக்கு 40ல இருந்து 60% வரைக்கும் சுகம். 70 தாண்டினா பயப்பட வேணாம், தண்ணிய குறைச்சு காத்த கூட்டணும்னு அர்த்தம். ஐப்பசி கார்த்திகை அடைமழையில 85, 90 கூட காட்டும்.

காத்து தான் பாதி வைத்தியம். ஜன்னல் ஓரம், பால்கனி கதவு பக்கம்னு காத்து குறுக்க ஓடுற இடமா பாத்து வைங்க, தொட்டிய ஒட்டி ஒட்டி அடுக்காம நடுவுல ஒரு கை போற அளவு இடம் விடுங்க. மழை நாள்ல ஜன்னல் சாத்திட்டா ஒரு சின்ன டேபிள் ஃபேன் போட்டு செடி மேல மெதுவா படுற மாதிரி திருப்பி விடுங்க, நேரா வேகமா அடிக்க வேணாம், இலை லேசா ஆடினா போதும். வெளிச்சமும் இதுல சேர்த்தி, ஏன்னா வெளிச்சம் கம்மியானா செடி தண்ணி குடிக்கிறதும் கம்மி, மண்ணு இன்னும் லேட்டா காயும். மழைக்காலத்துல வாரக்கணக்கா மூட்டமா இருந்தா ஒரு எல்இடி குரோ லைட் (செடி வளர்றதுக்குன்னே விக்கிற விளக்கு) போடுறது நல்ல செலவுதான்.

இப்ப தொட்டி, மண். இதுல கஞ்சத்தனம் வேணவே வேணாம். பெயின்ட் அடிக்காத மண் தொட்டிதான் கடலோர ஊருக்கு சரி, சுவர் வழியாவும் ஈரம் போயிடும், பிளாஸ்டிக், பீங்கான்ல அந்த வழியே கிடையாது. தொட்டி செடியவிட ஒரு விரல் அகலம் பெருசா இருந்தா போதும், பெரிய தொட்டில வேர் போகாத மண்ணெல்லாம் ஈரத்த பிடிச்சு வச்சுக்கும். நர்சரில இருந்து வர்ற செடி பெரும்பாலும் வெறும் கோகோபீட்ல (தேங்கா நார்த்தூள்) இருக்கும், அது சென்னைக்கு ஆகவே ஆகாது, வாங்கின வாரமே அத உதிர்த்துட்டு மாத்துங்க. ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு நல்லா மட்கின மண்புழு உரம், மூணு பங்கு பியூமிஸோ பெர்லைட்டோ (ரெண்டும் லேசான, ஓட்டை ஓட்டையான கல்லு). அது கிடைக்கலன்னா செங்கல்ல உடைச்சு தூள சலிச்சு தள்ளிட்டு கடலை சைஸ் துண்ட மட்டும் எடுத்துக்கோங்க, கொஞ்சம் கரித்துண்டும் சேர்க்கலாம். நைஸ் மணல் போடாதீங்க, அது இடுக்கெல்லாம் அடைச்சு இறுகிடும். தண்ணி ஊத்தினா சில நொடில கீழ் ஓட்டைல வரணும், வரலன்னா இன்னும் கல்லு சேருங்க.

தண்ணிக்கு நாள் கணக்கு வைக்காதீங்க. ஊதுபத்தி எரிஞ்சு முடிஞ்ச குச்சி ஒண்ண கழுவி காயவச்சு மண்ணுல அடி வரைக்கும் குத்தி பத்து நிமிஷம் விட்டு எடுங்க, சுத்தமா காய்ஞ்சு வந்தா மட்டும் ஊத்துங்க, நுனில ஈரமா மண்ணு ஒட்டுச்சுன்னா விட்டுடுங்க. ஊத்தும்போது நல்லா நிறைய ஊத்தி தட்டுல தேங்கினத கொட்டிடணும், இலைக்கு நடுவுல பூ மாதிரி இருக்கிற குழில தண்ணி நிக்கக் கூடாது, நின்னா டிஷ்யூவால ஒத்தி எடுங்க. மழைக்காலத்துல காலைல ஊத்துங்க, பகல் முழுக்க காயட்டும், அதுவும் இலை லேசா சுருங்கின பிறகு. அக்னி நட்சத்திரத்துல சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு கொஞ்சமா. ஜனவரி பிப்ரவரி தான் இதுங்களுக்கு சென்னையில பொற்காலம், உரம், தொட்டி மாத்துறது எல்லாம் அப்ப வச்சுக்கோங்க.

ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி அடிக்கிறது, தட்டுல கூழாங்கல்லும் தண்ணியும் வச்சு மேல தொட்டி வைக்கிறது, இதெல்லாம் பெரணி மாதிரி செடிக்கு சொன்னது, இதுக்கு வேணாம். மூடின கண்ணாடி ஜாடி, பாத்ரூம் ஜன்னல் ரெண்டும் கண்டிப்பா கூடாது. ஏசி ரூம் நல்ல இடம்தான், ஏசி காத்துல இருக்கிற ஈரத்த இழுத்துடும், நேரா குளிர் காத்து படாம வெளிச்சம் கிடைக்கிற பக்கமா வச்சா போதும்.

புதுசா ஆரம்பிக்கிறவங்க ஜேட், ஹவோர்த்தியா, சான்சவேரியா (ஸ்னேக் பிளான்ட்) மாதிரி சக்குலென்ட்ல ஆரம்பிங்க, புழுக்கத்த நல்லா தாங்கும். கூழாங்கல் மாதிரியே இருக்கிற லித்தாப்ஸ், வெல்வெட் மாதிரி முடி இருக்கிற எச்சவேரியா எல்லாம் பழகின பிறகு. நம்ம பிரண்டையே அருமையான சக்குலென்ட்தான், எந்த ஈரப்பதமும் அதுக்கு ஒரு பொருட்டில்ல, துவையலுக்கும் ஆச்சு.

தண்டு அடியில கருத்து மெத்துன்னு ஆயிடுச்சுன்னா காத்திருக்காதீங்க. சுத்தமான பிளேடால மேல்பக்கமா வெட்டிக்கிட்டே வாங்க, வெட்டின இடத்துல பழுப்பு வளையமோ புள்ளியோ இல்லாம பச்சையா தெரியிற வரைக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேட ஸ்பிரிட்ல துடைக்கணும். வெட்டி எடுத்த அந்த மேல் பாகத்த நிழல்ல, ஃபேன் காத்துல வெட்டு காயம் காய்ஞ்சு கெட்டியாகிற வரைக்கும் வைங்க, மழைக்காலத்துல ஒரு வாரத்துக்கு மேலயும் ஆகும். அப்புறம் காய்ஞ்ச மண்கலவை மேல சும்மா உக்கார வைங்க, வேர் எட்டிப் பாக்குற வரைக்கும் தண்ணி வேணாம். பழைய மண்ண வேற செடிக்கு போடாதீங்க, தொட்டிய தேய்ச்சு கழுவி வெயில்ல ரெண்டு நாள் காயவச்சா திரும்ப பயன்படுத்தலாம்.